வியன்னாவா, ஜெர்மனியா?

பெல்கிரேடில் படிக்கும் ஒரு செர்பிய மாணவி வெளிநாட்டுக் கனவு கண்டால், பெரும்பாலும் இந்த இரண்டுதான் முன்னால் நிற்கும். விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். படிக்கவும் வேலை பார்க்கவும் தனி அனுமதி வேண்டும். இரண்டு இடத்திலும் ஜெர்மன் மொழி கற்றாக வேண்டும்.

செலவில் ஜெர்மனி முந்துகிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. வியன்னாவில் செமஸ்டருக்குச் சுமார் 727 யூரோ. அப்புறம், 2016 முதல் செர்பியா உள்ளிட்ட மேற்கு பால்கன் நாட்டவருக்கு ஜெர்மனி தனி வழி திறந்திருக்கிறது: பட்டம் கேட்பதில்லை, வேலை உறுதியானால் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு.

ஆனாலும் நான் வியன்னா பக்கம்தான். சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் காலையில் அம்மா முன்னால் நிற்கலாம். வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதித் தெருக்களில் செர்பிய மொழி காதில் விழும். முதல் குளிர்காலத்தில் அந்தக் குரல்கள் பெரிய துணை.