இரண்டு பாஸ்போர்ட், கூடவே ஒரு ஓசிஐ: பெங்களூரிலிருந்து போய்வரும் அனுபவம்

பிறந்தது அமெரிக்காவில், வேலைக்கு லண்டன் போன இடத்தில் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது, இப்போது சில வருடங்களாக பெங்களூரு அல்சூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் இங்கே என் கையில் இருப்பது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைதான். ஆயுளுக்கும் விசா உண்டு, ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

இமிக்ரேஷனில் எந்த பாஸ்போர்ட்டை நீட்டுவாய் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது சுலபம். என் ஓசிஐயில் அமெரிக்க பாஸ்போர்ட் எண் இருக்கிறது, ஆகவே பெங்களூரில் வரும்போதும் போகும்போதும் அந்த இரண்டும். லண்டனில் இறங்கினால் பிரிட்டிஷ். அமெரிக்காவுக்குள் நுழைய, அந்த நாட்டுச் சட்டப்படியே அமெரிக்க பாஸ்போர்ட்.

தொல்லை முழுக்க செக்-இன் கவுண்டரில்தான். டிக்கெட்டில் ஒரு பாஸ்போர்ட் எண்தான் கேட்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து அமெரிக்கர்கள் பிரிட்டன் போக ஈடிஏ (கிளம்பும் முன்பே ஆன்லைனில் வாங்கும் பயண அனுமதி) எடுக்க வேண்டும், பிரிட்டிஷ் குடிமக்களால் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, அதனால் லண்டன் டிக்கெட்டில் அமெரிக்க எண் இருந்தால் ஈடிஏ எங்கே என்பார்கள், பிரிட்டிஷ் எண் இருந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டி இந்திய விசா எங்கே என்பார்கள். ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து பார்த்த பிறகுதான் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், அதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது போகிற நாட்டு பாஸ்போர்ட் எண்ணைத்தான் கொடுக்கிறேன், திரும்பும் பயணத்துக்கு அமெரிக்க எண்ணை மாற்றிப் போடுகிறேன், கவுண்டரில் கேட்பதற்கு முன்பே மூன்றையும் எடுத்து வைத்துவிடுகிறேன்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடும்போது ஒரு பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் மற்ற நாட்டு பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் கலர் நகல் கேட்பார்கள், பெயரும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது பாஸ்போர்ட் வாங்கப்போகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. இந்தியக் குடிமக்களுக்கான விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் ஓசிஐ வைத்திருப்பவர்களும் சேரலாம், 2025 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்துக்கும் வந்துவிட்டது. பதிவு ஐந்து வருடம் வரை, பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அதோடு சரி. அதனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மூன்று மாதத்துக்குள் ஓசிஐ தளத்தில் அதைப் பதிவேற்றிவிட்டு (கட்டணம் இல்லை), அதன் பிறகு இதில் சேருங்கள்.