ஜீப்புக்கு கிரவுன் பினியன் மாற்றப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். முன்னும் பின்னும் கிரவுன் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றியதாக பில் போட்டு என்னிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பின்னால் மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் கழற்றிய பழைய சாமான். மலைக்குக் கீழே இருக்கும் பட்டறை. பெயரை எழுதவில்லை. செய்த வேலையை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய மஹிந்திரா எம்.எம். 540. தோட்டப் பாதையில் அடியில் கல் இடிக்காமல் இருக்கப் பெரிய டயர் போட்டிருந்தேன். டயர் பெரிதானால் இழுவை குறையும். காப்பி மூட்டை ஏற்றினால் ஏற்றத்தில் முதல் கியரிலேயே திணறியது. அதற்குச் சரியான வழி ரேஷியோ, அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் உள்ள விகிதம், மாற்றுவதுதான். கிரவுனில் 47 பல், பினியனில் 11 பல் என்றால் ரேஷியோ 4.27. 39க்கு 8 என்றால் 4.88. 43க்கு 8 என்றால் 5.38. எண் கூடக் கூட இழுவை கூடும், ஓட்டத்தில் வேகம் குறையும். மலையில் ஓட்டுகிறவனுக்கு வேகம் எதற்கு? 4.27 இருந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் 4.88 போடச் சொன்னேன். கிளட்சை விடும்போது பின்னால் ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தது, அதையும் பார்க்கச் சொன்னேன்.

வண்டிக்கு அடியில்கூடப் போகவில்லை அந்தப் பட்டறை ஆள். “அண்ணே, கிரவுன் பல்லு தேஞ்சு போச்சு. செட்டு மாத்துனா எல்லாம் சரியாயிரும்” என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

ஒரே அடியாக ‘டங்’ என்று விழுந்தால் முதலில் வண்டிக்கு அடியில் சுற்றும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டி, அதன் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதோ காலை எடுக்கும்போதோ மட்டும் ஊளைச் சத்தம் வந்தால்தான் கிரவுன் பினியனையும் பினியன் பேரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்பைடர் கியர் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரங்கள்), இல்லாவிட்டால் வீல் பேரிங். அப்புறம் ஆயிலை வடித்துப் பார்க்கலாம். மாவு போல மினுமினுப்பு இருந்தால் பயமில்லை, விரலில் இடறுகிற துண்டு வந்தால் பல் போயிருக்கிறது. இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் அட்வான்ஸ் கேட்டார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது ‘டங்’ அப்படியே இருந்தது. புதிதாக ஊளைச் சத்தமும் சேர்ந்திருந்தது. “புது செட்டு, ஓட ஓடச் சரியாயிரும்” என்றார்கள்.

மழைக்குப் பிறகு சேற்றில், நாலு சக்கரமும் இழுக்கும்படி லீவரைத் தள்ளி ஃபோர்வீல் போட்டேன், சக்கரம் வழுக்கியதால் ஒன்றும் தெரியவில்லை. தார் ரோட்டில் ஏறிய சில அடியிலேயே டயர் தேய்ந்து கத்தியது, வண்டி உதறியது, லீவர் இறுகிக்கொண்டு கழல மறுத்தது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் விட்டது.

இந்த ஜீப்புகளில் ஃபோர்வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்னால் 4.88, முன்னால் 4.27 என்று இருந்தால் பின் சக்கரம் 100 சுற்று சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 114 சுற்று சுற்றப் பார்க்கும். காய்ந்த தரையில் அந்த வித்தியாசம் போக வழியே இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும், ஷாஃப்ட் முறியும். பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் கோபமெல்லாம் பணத்தைப் பற்றியது இல்லை, இதைப் பற்றியது.

பண்ணைக்காட்டில் ஒரு வயதான மெக்கானிக் பார்த்த உடனே “தம்பி, எண்ணிப் பாத்துருவோம்” என்றார். கியரை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். இப்படி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற, ஷாஃப்ட் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. முன்னால் அதே போலச் செய்தபோது நாலே கால் சுற்றுதான். முன்பக்கத்தைத் தொடவே இல்லை.

கிரவுன் பினியன் இருக்கும் பின் ஹவுசிங்கைப் பிரித்ததும் அடுத்தது தெரிந்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பதமாக்கப்பட்டு, இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டு வரும். இதில் இரண்டு எண்ணும் வேறு வேறு. பல்லில் நீலப் பேஸ்ட் தடவிச் சுற்றியபோது தடம் நடுவில் விழாமல் வெளி ஓரத்தில் விழுந்தது. பல்லிடுக்கு ஆட்டம் பெரும்பாலும் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டு அதைக் கொண்டுவர வேண்டும். இங்கே கையால் ஆட்டினாலே தெரிந்தது. ‘டங்’ சத்தத்துக்குக் காரணம் தேய்ந்துபோன கிராஸ்தான். மாற்றியதும் நின்றுவிட்டது.

போனில் கேட்டதற்கு, “முன்னாடி செட்டு கெடைக்கலண்ணே, அதான் விட்டுட்டோம்” என்று பதில் வந்தது. பில்லில் இரண்டு செட். பழைய சாமானைக் கேட்டேன், இரும்புக் கடைக்குப் போட்டாகிவிட்டதாம். பணத்தைப் பற்றிப் பேசியதும் போனை எடுப்பதில்லை. பில்லோடும் போட்டோக்களோடும் திண்டுக்கல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.

கீழே எந்தப் பட்டறையிலாவது அண்மையில் ரேஷியோ மாற்றியவர்கள், ஃபோர்வீல் லீவரைத் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் டூவீலிலேயே ஓட்டுங்கள், பாரம் ஏற்றாதீர்கள்.