வார் ஈகிள் ஸ்பின்னர்பெய்ட்: காசு எதற்குக் கொடுக்கிறோம்?

கடையில் ஸ்பின்னர்பெய்ட் என்ற செயற்கைத் தூண்டில் இரையைப் பார்க்கும்போது நிறத்துக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. அட்டையிலிருந்து எடுக்க விட்டார்களென்றால், கம்பியைப் பிடித்துக்கொண்டு பின் பிளேடின் (சுழலும் உலோகத் தகடு) மேல் லேசாக ஊதிப் பாருங்கள். சட்டென்று சுழன்று, ஊதுவதை நிறுத்தியும் இரண்டு சுற்று ஓடினால் உள்ளே நல்ல பேரிங் ஸ்விவல், அதாவது பிளேடைத் தடங்கலின்றிச் சுழலவிடும் இணைப்பு, இருக்கிறது. ஆடிவிட்டு நின்றால், இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இணையத்தில் டஜன் கணக்கில் வரும் பேர் தெரியாத மலிவு ஸ்பின்னர்பெய்ட் டப்பா ஒன்றையும், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் ராஜர்ஸில் செய்யப்படும் வார் ஈகிளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வார் ஈகிள் ஒன்று எட்டு ஒன்பது டாலர் வரும், கடைக்குக் கடை மாறும். அந்தக் காசுக்குப் பாதி டப்பாவே வந்துவிடும். ஆனாலும் என் டேக்கிள் பெட்டியில் இப்போது இருப்பது வார் ஈகிள்தான்.

தெரியாதவர்களுக்கு: திறந்து வைத்த சேலை ஊக்கு மாதிரி வளைந்த ஒரு கம்பி. கீழ்க் காலில் ஈயத்தலை, முள், அதை மறைக்கும் சிலிக்கோன் இழைக் குஞ்சமான ஸ்கர்ட். மேல் காலில் சுழலும் பிளேடுகள். முள்ளுக்கு நேர் மேலே கம்பி ஓடுவதால் மரக்கிளைக்குள் எறிந்தாலும் லேசில் சிக்காது. லேக் ஃபோர்க் போன்ற ஏரியில் இதன் அருமை தெரியும். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1980இல் அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மரங்களை நிறைய இடத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். டெக்சஸ் மாநில சாதனை பாஸ் மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் வந்ததும் இங்கிருந்துதான். நட்டு வைத்த மாதிரி நிற்கும் அந்தப் பட்டமரங்களுக்கு நடுவே திறந்த முள் இரண்டு உள்ள கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவ இரையை எறிந்தால் அன்றைக்கு ஒரு இருபது டாலர் தண்ணீரோடு போகும்.

வார் ஈகிள் நல்ல பேர் வாங்கியதற்குக் காரணம் அதன் மெல்லிய கம்பி. பிளேடு சுழலும்போது அதிர்வு கம்பி வழியாகத் தூண்டில் நரம்புக்கும், நரம்பிலிருந்து ராட் (தூண்டில் கம்பு) பிடித்த உள்ளங்கைக்கும் வரும். தடித்த கம்பி அதைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். இந்த அதிர்வை வைத்துத்தான் மொத்த விளையாட்டும். பாஸ் எப்போதும் வெடுக்கென்று இழுக்காது. பின்னாலிருந்து வந்து வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும்போது, 'டுர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோகும், அவ்வளவுதான். அந்த நொடியில் ராடைப் பக்கவாட்டில் வீசி இழுக்க வேண்டும். யோசித்தால் துப்பிவிடும்.

மெல்லிய கம்பிக்கு ஒரு விலை உண்டு. பெரிய மீன் வந்தால் வளையும். வளைந்ததும் மேல் காலை முள்ளின் நேர்கோட்டுக்குக் கையாலேயே நிமிர்த்தி, படகு ஓரத்தில் வேகமாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் மேல் காலை எதிர்ப்பக்கமாக மயிரிழை வளைத்தால் நேராகிவிடும். அடிக்கடி வளைத்து நிமிர்த்திய கம்பி என்றைக்காவது முறியும், அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். டப்பாச் சரக்கில் இந்தத் தொல்லை இல்லை, கம்பி தடி. ஆனால் அதன் பிளேடு மெதுவாக இழுக்கும்போது சுழல மறுத்தது. வேகமாக இழுத்தால் எல்லா பிளேடும் சுழலும். காசு கொடுப்பது மெதுவாகச் சுழல்வதற்குத்தான்.

மெதுவாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது நான் செய்வது அது மட்டும்தான். அரை அவுன்ஸ் எடையுள்ளதை எறிந்து, தரையைத் தொடும்வரை விட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே அது உருண்டு வருகிற அளவுக்கு ரீலைச் சுற்ற வேண்டும். மரத்தில் மோதினால் பயந்து தூக்காதீர்கள். மோதட்டும், மோதித் தாண்டியதும் ஒரு கணம் விடுங்கள், பிளேடு சுழன்றபடியே கீழே இறங்கும். எனக்கு மீன் கடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மோதாமல் வந்து சேர்ந்தால் எறிந்த இடமே தப்பு என்பது என் கட்சி.

பிளேடு தேர்வு குழப்பமில்லை. உருண்டையான கொலராடோ தண்ணீரை அதிகம் உதைக்கும், அதிர்வு பலமாக இருக்கும், மெதுவாக இழுக்கலாம். கலங்கல் தண்ணீருக்கும் இரவுக்கும் அது. நீண்ட வில்லோ மின்னும், எதிர்ப்பு குறைவு, வேகமாக இழுத்தாலும் மேலே எகிறாது. தெளிந்த தண்ணீருக்கு இரட்டை வில்லோ. ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு முன்னால் சின்ன கொலராடோ, பின்னால் பெரிய வில்லோ உள்ள டேண்டம். நிறம் வெள்ளை அல்லது வெள்ளையும் சார்ட்ரூஸும் (மஞ்சள் பச்சை). மற்ற நிறங்கள் ஆசைக்கு.

வசந்த காலத்தில், பாஸுக்கு இரையாகும் ஷாட் என்ற சின்ன மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும் விடியற்காலைகளை விட்டுவிடாதீர்கள். 515ஆம் சாலைப் பாலத்தடியில் கொட்டியிருக்கும் கற்களை ஒட்டி வெள்ளை இரட்டை வில்லோவைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டினால் போதும். வெயில் ஏறியதும் கடை மூடிவிடும். காற்றடிக்கிற நாளும் நல்ல நாள். தண்ணீர் சிலிர்த்திருந்தால் மீனுக்கு பிளேடின் மின்னல் தெரியும், கம்பி தெரியாது. கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில் இதை எடுக்கவே மாட்டேன்.

மற்ற சாமான்: ஏழடி மீடியம் ஹெவி ராட், 6.3:1 ரீல் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை 6.3 சுற்று), 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. நரம்பை நேராகக் கம்பியின் வளைவிலேயே கட்டுங்கள். ஸ்னாப் என்ற கொக்கியை மாட்டினால், வளையம் மூடாத மாடல்களில் அது நழுவி மேல் காலில் ஏறி நிற்கும். கொத்திவிட்டுத் தப்பும் மீன் அதிகமானால் பின்னால் இன்னொரு முள், நழுவாமலிருக்கச் சின்ன ரப்பர் குழாய். அடர்ந்த மரங்களுக்குள் அந்த இரண்டாம் முள்ளைக் கழற்றிவிடுவேன்.

ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஸ்பின்னர்பெய்ட்டில் ஒற்றை முள் பெரும்பாலும் மேல் உதட்டில் ஏறுவதால் கழற்றி விடுவது சுலபம்.

ஸ்கர்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ரப்பர் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டு டெக்சஸ் வெயிலில் காரில் விட்டால் எந்த சிலிக்கோன் ஸ்கர்ட்டும் ஒட்டிப் பிசினாகிவிடும். தனிப் பையில் வையுங்கள். முள்ளின் நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் தீட்டுங்கள்.

கரையிலிருந்து எறிபவர்கள் 3/8 அவுன்ஸ் டேண்டம் எடுங்கள், குட்டைகளுக்கு அது போதும். படகு இருந்தால் அரை அவுன்ஸ். முக்கால் அவுன்ஸ், பதினைந்து அடிக்குக் கீழே உருட்டுகிற பழக்கம் வந்த பிறகு.