வால்வு கசிவு: மார்பு எக்கோவா, தொண்டை எக்கோவா?

சுங்கை சிப்புட் கிளினிக்கில் டாக்டர் நெஞ்சில் இரைச்சல் கேட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்ததும் வரும் குழப்பம் இது. எக்கோ என்பது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன்; மார்பு எக்கோவில் கருவியை நெஞ்சின் மேல் வைப்பார்கள், தொண்டை எக்கோவில் மெல்லிய குழாயைத் தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். பிரஷர் 160/50 என அகன்று நின்று, நாடியும் துள்ளினால் பெருந்தமனி வால்வில் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) கசிவோ என்று சந்தேகம் வரும்.

தயாரிப்பு
மார்பு: பட்டினி வேண்டாம். ஜெல் தடவி, இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் போதும்.
தொண்டை: 6 மணி நேரம் வெறும் வயிறு; காலைக் கோப்பியும் கூடாது. பல்செட்டைக் கழற்ற வேண்டும். விழுங்கச் சிரமம் உண்டென்றால் முன்பே சொல்லுங்கள். தூக்க ஊசி போடுவதால் அன்று மோட்டார் ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

தெரிவது
மார்பு: கசிவின் அளவு, இடது கீழறை வீக்கம், பம்ப் பலம். ஒரு துடிப்புக்கு 60 மில்லிலிட்டருக்குக் குறையாமல் ரத்தம் திரும்பினால் கடுமையான கசிவு. உடல் பருமனானால் படம் மங்கும்.
தொண்டை: உணவுக்குழாய் இதயத்தின் முதுகை ஒட்டியே போவதால் படம் துல்லியம். வால்வின் இதழில் (திறந்து மூடும் மடிப்பு) ஒட்டிய கிருமிக் கட்டி, ஓட்டை, பிறவியிலேயே இரண்டு இதழ் மட்டும் உள்ள வால்வு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

முதல் பரிசோதனைக்கும் தொடர் கண்காணிப்புக்கும் மார்பு எக்கோவே சரி. விடாத காய்ச்சல், செயற்கை வால்வு, மங்கலான படம், இவற்றுக்குத்தான் தொண்டை எக்கோ.

நெஞ்சு கிழிவதுபோல் திடீர் வலி வந்தால் இரண்டுக்கும் தேதி பார்க்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.