குழந்தைக்கு பிளான் பண்றதுக்கு முன்னாடி எடுத்த ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) டெஸ்ட், லேப் எப்படி?

காலைல 7 மணிக்கு வீட்டுக்கே வந்தாங்க, ஒரே குத்துல ரத்தம் எடுத்து, ட்யூப்ல என் பேர எழுதி என்கிட்ட காட்டிட்டுதான் பைல வச்சாங்க, அது ரொம்ப பிடிச்சுது. ஆனா மறுநாள்னு சொன்ன ரிப்போர்ட் மூணு நாள் ஆச்சு, போன் பண்ணா எடுக்கவே இல்ல.

ரூபெல்லா ஐஜிஜி (ரத்தத்துல இருக்கற எதிர்ப்புப் புரதம்) நெகட்டிவ். ஒரு வரி விளக்கம் கூட போடல. நெகட்டிவ்னா நல்லதுதானேன்னு அத்தை சொன்னாங்க, டாக்டரம்மாகிட்ட காட்டினப்புறம்தான் எதிர்ப்பு சக்தியே இல்லைனு அர்த்தம்னு தெரிஞ்சுது, எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்குமான தடுப்பூசி) போட்டு ஒரு மாசம் கர்ப்பத்த தள்ளிப்போடச் சொன்னாங்க, ஏன்னா கர்ப்பமானப்புறம் அத போடமாட்டாங்க, முதல் 3 மாசத்துல ரூபெல்லா வந்தா குழந்தையோட காது, கண்ணு, இதயம்லாம் பாதிக்கலாம். தமிழ்நாட்டுல எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி முகாம் 2017லதான் நடந்துச்சு, அப்பவே பெரியவங்களான நம்மள்ல பலருக்கு போட்டிருக்க மாட்டாங்க, முன்னாடியே பாத்துடுங்கப்பா.

ரத்தம் எடுத்ததுக்கு 5 ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு 2.