அரிய பறவையைப் பார்த்தேன் என்று ஒருவர் எழுதும்போது: இ-பேர்டுடன் ஒன்பது வருடம்

2016 பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகத்தான், பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியை என் போனில் ஏற்றினேன். முதல் ஐந்து வருடம் பட்டியல் போடுவதோடு சரி. கடந்த நான்கு வருடமாக, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வரும் அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்திலும் இருந்திருக்கிறேன், கேள்வி கேட்கும் இடத்திலும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்த வருடமே ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்றில் மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பார்த்ததாகப் பதிவு போட்டேன். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அன்றைக்கு இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "மஞ்சள் நிறத்தைத் தொண்டையில் பார்த்தீர்களா, வாலடியில் பார்த்தீர்களா? கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருந்ததா?" என் குறிப்பேட்டைப் புரட்டினேன். "மஞ்சள் தெரிந்தது, புதருக்குள் போய்விட்டது" என்று மட்டும் இருந்தது. வெண்புருவச் சின்னானுக்கும் வாலடி மஞ்சள்தான். அது நம் ஊர் முள்காடுகளில் சாதாரணமாகத் திரிகிற பறவை. எதைப் பார்த்தேன் என்று என்னால் சொல்லவே முடியவில்லை. பதிவை வெறும் 'சின்னான் வகை' என்று மாற்றிவிட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு கேள்விகள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை.

இ-பேர்ட் 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், இந்தப் பறவை இத்தனை வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டினாலோ, அந்த ஊருக்கு வராத பறவையைச் சேர்த்தாலோ, உடனே விவரம் எழுதச் சொல்லும். அப்புறம் அந்தப் பதிவு எங்களைப் போன்றவர்களிடம் வரும். நாங்கள் ஏற்காவிட்டாலும் பார்த்தவரின் சொந்தப் பட்டியலில் அது அப்படியே இருக்கும். பொது வரைபடத்துக்கும் ஆய்வாளர்கள் எடுக்கும் தரவுக்கும் மட்டும் போகாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தன் பறவையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்து வருத்தப்படுகிறார்கள்.

என்னிடம் வரும் பதிவுகளில் பொய் என்று சொல்லத்தக்கது அபூர்வத்திலும் அபூர்வம். பட்டியலில் ஒரு வரி தள்ளி விரல் பட்டிருக்கும். ஓசூரில் நடக்க ஆரம்பித்து, பேருந்தில் பன்னேர்கட்டா போய் இறங்கிய பிறகுதான் பட்டியலை முடித்திருப்பார்கள். அங்கே பார்த்ததும் ஓசூர் கணக்கில் ஏறிவிடும். கெலவரப்பள்ளி அணைக்கு ஒரே நாளில் வந்த நான்கு பேரும் தனித்தனியாக எண்ணி, ஒரே கூட்டத்தை நான்கு மடங்காக்கியிருப்பார்கள். இதெல்லாம் ஒரு வரி பதிலில் தீர்ந்துவிடும்.

குரலை மட்டும் வைத்து வரும் பதிவுகள்தான் சிரமம். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி ஒரு பெயரைக் காட்டியதும் அப்படியே சேர்த்துவிடுகிறார்கள். வல்லூறின் குரலைக் கரிச்சான் அச்சு அசலாகக் கத்தும். மனிதக் காதே ஏமாறும்போது செயலியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "குரல் வந்த மரத்தைப் பார்த்தீர்களா? எத்தனை நேரம் கேட்டது? ஒலிப்பதிவு இருக்கிறதா?" இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு பறவை தவறாகப் பதிவானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு ஃபாரஸ்ட் அவ்லெட் என்ற மத்திய இந்தியச் சிற்றாந்தையின் கதையைச் சொன்னேன். 1884க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைச் சுட்டதாக ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒரு பாடம் செய்த உடலைச் சேகரிப்பில் வைத்திருந்தார். அதை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்த உடலை ஆராய்ந்தபோது, அது 1880களில் வேறொருவர் சேகரித்தது, அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு மறுபடி தைக்கப்பட்டது என்று தெரியவந்தது. அந்தப் பொய்ப் பதிவை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகள் காட்டிய இடங்களில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கம் ஆந்தை உயிரோடு கிடைத்தது. 113 வருடம்! நண்பர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

போன வருடம் ஜனவரியில் தளிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன், அறுவடையான ராகி வயலில் வெளிர் பூனைப்பருந்து ஆண் ஒன்றைப் பார்த்ததாகப் போட்டிருந்தான். படம் இல்லை. விவரம் கேட்டு எழுதினேன். போனிலேயே கூப்பிட்டுவிட்டான்.

"அண்ணா, என்கிட்ட கேமராவே இல்ல. படம் இல்லன்னா நான் சொல்றது பொய்யா?"

"பொய்னு யாரும் சொல்லலப்பா. நீ பார்த்ததை நான் பார்க்கல. அதனாலதான் கேட்கிறேன். இறக்கை மேல கறுப்புக் கோடு இருந்துச்சா?"

"இல்லண்ணா. நுனியில மட்டும் ஆப்பு மாதிரி கறுப்பு. வயிறு சுத்த வெள்ளை, கோடு கிடையாது. நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பென்சிலில் வரைந்து, பக்கத்தில் நேரம், வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் எல்லாம் எழுதியிருந்தான். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மான்டேகு பூனைப்பருந்தின் ஆணுக்கு இறக்கையின் மேல் கறுப்புப் பட்டை ஓடும், வயிற்றில் செம்பழுப்புக் கீற்றுகள் இருக்கும். அது இல்லை என்பதைப் பறவை பறந்துகொண்டிருக்கும்போதே கவனித்து எழுதியிருக்கிறான். அன்றைக்கே ஏற்றுக்கொண்டேன். அதே வாரம், பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் அனுப்பிய பெண் பூனைப்பருந்துப் படத்தை ஏற்க முடியவில்லை. வெயிலுக்கு எதிரே எடுத்த படம், எந்தப் பூனைப்பருந்து என்று பிரித்துச் சொல்ல உதவும் கழுத்துப் பட்டை தெரியவே இல்லை. அவருக்கு என் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவர் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னும் முப்பது வருடம் கழித்து அந்தப் பதிவைப் படிக்கப் போகிறவருக்கு அவர் யார் என்றே தெரியாது. அவர் கையில் இருக்கப்போவது அந்தப் படமும் இரண்டு வரிக் குறிப்பும்தான்.

என்னிடமும் குறை உண்டு. குளிர்காலத்தில் பதிவுகள் குவியும்போது பதில் சொல்ல எனக்கு வாரக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதற்குள் பார்த்தவருக்கு நினைவு மங்கிவிடும். முன்பு ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தேன். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் பதிலே போடாமல் பதிவை அழித்துவிட்டார். ஏதோ நோட்டீஸ் என்று பயந்துவிட்டாராம். இப்போது தமிழில்தான் எழுதுகிறேன், முதல் வரியிலேயே "பதிவு போட்டதற்கு நன்றி" என்று தொடங்குகிறேன். பதில் வருவது கூடியிருக்கிறது.

இதை எழுதும்போது கே.ஆர்.பி. அணையிலிருந்து வந்த ஒரு கடற்பறவைப் பதிவு காத்திருக்கிறது. மழை நாள், தூரம் அதிகம், படம் மங்கல். காலின் நிறத்தைக் கேட்டு நேற்று எழுதினேன். தெரியவில்லை, தண்ணீருக்குள் இருந்தது என்று பதில் வந்திருக்கிறது. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதும் ஆள். இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அவர் குறிப்பை முழுசாக இன்னொரு முறை படிக்கப்போகிறேன்.