மைக் செட் கடை ஆகாத ஹால்: 5.1 போட்டு நாலு வருஷம்

எங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில், மாமனார் கட்டியது. ஹால் 16க்கு 11 அடி. மேலே மெட்ராஸ் டெரஸ், கீழே சிவப்பு ஆக்சைடு தரை. 2021 ஆகஸ்டில் இங்கே டிவிக்கு 5.1 ஸ்பீக்கர், அதாவது சுற்றிலும் ஐந்து பெட்டி, அடித்தொண்டைச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், மாட்டினோம். ஆசை என்னுடையது, வீட்டுக்காரருக்கு அரை மனசு. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஹாலு மைக் செட் கடை மாதிரி ஆயிடக் கூடாதும்மா. கொலு வைக்கிற மூலையில எதுவும் வரக் கூடாது."

முதலில் யோசித்தது சீலிங் ஸ்பீக்கர். மெட்ராஸ் டெரஸில் அது நடக்காத காரியம். தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லை நிமிர்த்தி வைத்து, சுண்ணாம்புக் கலவை போட்டு அடித்த கூரை. அதில் ஓட்டை போடுங்கள் என்றால் கொத்தனாரே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஃபால்ஸ் சீலிங் போட்டால் எங்கே ஒழுகுகிறது என்பதே தெரியாது. அடுத்து ஒயர்லெஸ். பேரில்தான் ஒயர் இல்லை, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் கரன்ட் வேண்டும். எங்கள் பின்பாதிச் சுவர்களில் பிளக் பாயின்ட்டே கிடையாது. அதற்கு ஒயர் இழுக்கிற நேரத்தில் ஸ்பீக்கர் ஒயரையே இழுத்துவிடலாமே?

கடைசியில் நாலு இன்ச் கோன் வைத்த குட்டிப் பெட்டிகள் நாலு, டிவிக்குக் கீழே வசனத்துக்கென்று ஒரு சென்டர், திவானை ஒட்டி ஒரு சப்வூஃபர் என்று முடிவானது. பெட்டிகளுக்குச் சுவருக்கு அடிக்கிற அதே பெயின்ட். கோனுக்குக் காகிதம் ஒட்டி மறைத்து, முன்பக்கக் கம்பி வலையைத் தனியாகக் கழற்றி, துளை அடைபடாத மாதிரி மெல்லிசாக அடித்தோம். இன்றுவரை வீட்டுக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் கவனித்ததே இல்லை.

கண்ணை உறுத்துவது பெட்டி இல்லை, ஒயர். அதில்தான் எங்களுக்கு நேரம் போனது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் முதல் கடையில் காட்டிய ஒயர் நல்ல தடி, பளபளப்பு, விலையும் மலிவு. வீட்டுக்காரர் ஒரு பிளேடு கேட்டு வாங்கி நுனியைச் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசின சமாச்சாரம். கடைக்காரர் "சார், சவுண்டு ஒண்ணுதான் சார்" என்றார். பக்கத்துக் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டரில் முழுச் செம்பு வாங்கினோம். சுவரோரமாகப் போனால் பின்பக்கத்துக்கு 12 மீட்டர், போக வர 24. அவ்வளவு நீளத்துக்கும் தடை கால் ஓமுக்குக் கொஞ்சம் மேலே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் தடியான ஒயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

சுண்ணாம்புக் காரைச் சுவரைக் கொத்தினால் கேட்டதைவிட இரண்டு பங்கு உதிரும். அதனால் தரையோரமாக ஒயரை மூடுகிற கேசிங் பட்டி அடித்து, கதவு வருகிற இடத்தில் நிலையைச் சுற்றி ஏற்றி இறக்கினோம். எலக்ட்ரீஷியன் தம்பி லைட்டுக்குப் போகிற பழைய பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 230 வோல்ட் ஓடுகிற பைப்பில் ஸ்பீக்கர் ஒயரை விடவே கூடாது.

பின்பக்க ஸ்பீக்கர் உட்காருகிறவரின் பக்கவாட்டில், சற்றே பின்னால் வர வேண்டும். டிவியை நேராகப் பார்ப்பதை சைபர் டிகிரி என்றால் 110 டிகிரி அளவில். உயரம் காது மட்டம் அல்லது கொஞ்சம் மேலே என்பார்கள். யார் காது? அத்தை ஈசி சேரில், நாங்கள் திவானில், பிள்ளைகள் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஐந்தரை அடியில் வைத்துக் கொஞ்சம் கீழே சாய்த்தோம். மாடு முட்டுவது போல இருக்கிறது என்று பையன் சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சென்டரில்தான் கோட்டை விட்டேன். மறைக்க வேண்டும் என்ற வெறியில் டிவி ஸ்டாண்டின் தட்டில் ஒரு ஜாண் உள்ளே தள்ளி வைத்தேன். பேச்செல்லாம் பானைக்குள் இருந்து வருகிற மாதிரி. "இவங்க என்னம்மா பேசறாங்க?" என்று அத்தை ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார், காதுதான் போய்விட்டது என்று பயந்தும் இருந்தார். தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்னால் அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றைக் கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்து, ஆம்ப்ளிஃபயரில் சென்டரை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. உடம்பை எங்கே வேண்டுமானாலும் ஒளியுங்கள், ஸ்பீக்கரின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் வரக் கூடாது.

சப்வூஃபர் கதை வேறு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதனால் ஒளித்து வைக்க அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் வைக்கிற இடத்தைப் பொறுத்து ஒரு மூலையில் குமுறும், இன்னொன்றில் செத்துப்போகும். உட்காருகிற இடத்தில் அதையே தூக்கி வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்க வேண்டும். "கம்மல் திருகு விழுந்துடுச்சாம்மா?" என்று அத்தையும் கூடக் குனிந்து தேட ஆரம்பித்தார். நன்றாகக் கேட்ட முதல் இடம் கொலு மூலை. இரண்டாவது திவான் ஓரம். எது அமைந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அடியில் ரப்பர் மேட், இரவு ஒன்பதுக்கு மேல் பெரிய சத்தங்களை அடக்குகிற நைட் மோட். இங்கே ஒரு கூத்து: கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி போனால் ஜன்னல் அதிரும். டிவி அணைந்திருக்கும்போதே "அந்தப் பொட்டியக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் வரும்.

ஹால் எதிரொலித்ததற்கு மருந்து ஸ்பீக்கரில் இல்லை. வெறும் தரை, உயரமான கூரை, கை தட்டினாலே கிண்ணென்று கேட்கும். தரையில் பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. அதற்கே பாதி சரியாகிவிட்டது.

இனி பழுதுகள். காசிமேட்டுக் கடல் காற்றுக்கு உப்பு ஜாஸ்தி. இரண்டாம் வருஷம் இடது பின்பக்கத்தில் கரகரப்பு. கழற்றினால் ஒயர் நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. அரை இன்ச் வெட்டி, புதிதாக முறுக்கி, நுனியில் தங்க முலாம் போட்ட பனானா பிளக் (ஸ்பீக்கரில் செருகுகிற முனை) மாட்டினோம். பத்து நிமிஷ வேலைதான், ஆனால் நான் ஒயரைச் சரியாக அளந்து வெட்டி வைத்திருந்ததால் இழுக்க இடமில்லாமல் பெட்டியையே அரை இன்ச் நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் விட்டு வையுங்கள்.

சப்வூஃபரின் காற்றுத் துளையில் பல்லி முட்டை வைத்திருந்தது, இப்போது கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் படத்துக்கு நடுவே தானாக அணைந்துகொண்டே இருந்தது. சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முந்தின நாள்தான் கவனித்தேன்: தூசி படாமல் இருக்க அத்தை குரோஷாவில் பின்னின உறை போட்டிருந்தார். சூடு வெளியே போக வழியில்லை. உறை இப்போது டிவி ரிமோட் வைக்கிற கூடைக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வாசல் படி வரை தண்ணீர் ஏறியது. முதலில் அரிசி மூட்டை கட்டில் மேல் போனது, அடுத்து சப்வூஃபர். அதைத் தூக்கி வைத்தது அத்தையும் வீட்டுக்காரரும்.